ஏழு இரவு, இரண்டு அறை: ஸ்லொவேனியாவுக்கு முதல் பயணம்

ஸ்லொவேனியாவின் பரப்பு 20,271 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை சுமார் 21 லட்சம். காலையில் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் காபி குடித்துவிட்டு, மாலையில் அட்ரியாட்டிக் கடலில் கால் நனைக்கலாம் என்று விளம்பரங்களில் சொல்கிறார்கள். பொய்யில்லை, முடியும். முடிகிறது என்பதாலேயே பலர் இந்த நாட்டை வியன்னாவுக்கும் வெனிஸுக்கும் நடுவில் ஒரு மதிய நிறுத்தமாக ஆக்கிவிடுகிறார்கள். குழுப் பயணப் பேருந்து பிளெட் ஏரிக்கரையில் இரண்டு மணி நேரம் நிற்கும். எல்லோரும் தீவைப் படம் பிடித்துக்கொண்டு ஏறிவிடுவார்கள். கேட்டால் ஸ்லொவேனியா பார்த்தாயிற்று.

இந்த அத்தியாயம் அதற்கு நேர்மாறான ஒரு திட்டத்தைச் சொல்கிறது. நாடு சின்னது என்றால் தூரம் குறைவு. தூரம் குறைவு என்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தினம் ஓர் ஊர் மாற வேண்டியதில்லை. ஏழு இரவு, இரண்டு அறை. தலைநகர் லுப்லியானாவில் நான்கு இரவு, மலையடிவாரத்து ஏரிக்கரையில் மூன்று இரவு. ஒரு நாளைக்கு ஒரு பெரிய காட்சி போதும். மிச்ச நேரத்தில் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கலாம். இந்த ஊரில் உள்ளூர்க்காரர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

எப்போது போவது

மே நடுவிலிருந்து ஜூன் கடைசி வரை, அல்லது செப்டம்பர். யோசிக்காமல் இந்த இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மே, ஜூனில் புல்வெளி முழுக்கப் பூத்திருக்கும், மலை உச்சியில் பனியும் மிச்சமிருக்கும். செப்டம்பரில் கூட்டம் வடிந்துவிடும், ஏரித் தண்ணீரில் கோடையின் சூடு இன்னும் இருக்கும். போஹின் பள்ளத்தாக்கில் மேய்ச்சலுக்கு மலையேறிய மாடுகளை அலங்கரித்துக் கீழே ஓட்டி வரும் திருவிழாவும் செப்டம்பரில்தான்.

நம் ஊர்ப் பள்ளி விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில் வருவது இந்தப் பயணத்துக்குச் சாதகம். மே கடைசி வாரத்தைப் பிடியுங்கள். ஜூலை, ஆகஸ்டில் ஐரோப்பா முழுவதும் விடுமுறை. பிளெட்டில் நிற்க இடமிருக்காது. குரோஷியக் கடற்கரைக்குப் போகும் ஜெர்மன், ஆஸ்திரியக் கார்கள் சனிக்கிழமைதோறும் இந்த நாட்டின் நெடுஞ்சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும். நவம்பரில் மழை, லுப்லியானாவில் மூடுபனி. டிசம்பரில் நகரத்து விளக்கு அலங்காரம் அழகுதான், ஆனால் மாலை நாலே கால் மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். முதல் பயணத்துக்கு அது வேண்டாம்.

எந்த மாதம் போனாலும் மழைச்சட்டை அவசியம். ஜூலியன் ஆல்ப்ஸ் பகுதி ஐரோப்பாவிலேயே அதிக மழை வாங்கும் இடங்களில் ஒன்று. கோடையில் பெரும்பாலும் பிற்பகலில்தான் இடி இடிக்கும். மலைக்குப் போவதென்றால் காலையிலேயே போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்குக் கீழே வந்துவிடுங்கள்.

விசா

ஸ்லொவேனியா 2004இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது, 2007 தொடக்கத்தில் யூரோவுக்கு மாறியது, அதே ஆண்டு டிசம்பரில் ஷெங்கன் பகுதிக்குள் வந்தது. இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். சிங்கப்பூர், மலேசியப் பாஸ்போர்ட்காரர்கள் 180 நாளில் 90 நாள் வரை விசா இல்லாமலே தங்கலாம். அவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடலாம்.

விதி எளிது. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு நாடுகளில் சமமான நாட்கள் என்றால், முதலில் எங்கே நுழைகிறீர்களோ அங்கே. ஏழு இரவும் ஸ்லொவேனியாவில், வெனிஸில் ஓர் இரவு என்றால் விண்ணப்பம் ஸ்லொவேனியாவுக்குத்தான். இந்தியாவுக்கான அதன் தூதரகம் புதுதில்லியில் இருக்கிறது. வேறொரு நாட்டு விசா சீக்கிரம் கிடைக்கிறது என்று அங்கே விண்ணப்பித்துவிட்டு இங்கே வந்து ஒரு வாரம் தங்குவது நல்லதல்ல. எல்லையில் கேள்வி வரும், அடுத்த விசாவிலும் வரும்.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும் என்பது சட்டம். இரண்டு, மூன்று மாதம் முன்பு கொடுப்பது புத்திசாலித்தனம். பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுக் குழந்தைகளுக்கு 45 யூரோ என்பது 2024 ஜூனிலிருந்து நடப்பில் உள்ள கட்டணம். விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு இல்லாமல் விண்ணப்பத்தை வாங்கமாட்டார்கள். பாஸ்போர்ட் கடந்த பத்து ஆண்டுக்குள் வாங்கியதாகவும், ஊர் திரும்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும். இரண்டு வெற்றுப் பக்கமும் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. பக்கத்து நாடான குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கனில் இருக்கிறது, அங்கே போய் வரலாம். ஆனால் போஸ்னியாவும் செர்பியாவும் ஷெங்கனில் இல்லை. ஒருமுறை நுழையும் விசாவை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் காலெடுத்து வைத்தால் திரும்பி உள்ளே வர முடியாது. குரோஷிய எல்லையிலும் சில காலமாகத் தற்காலிகச் சோதனை நடக்கிறது. பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

போய்ச் சேருவது

இந்தியாவிலிருந்து நேரடி விமானம் கிடையாது. அட்ரியா ஏர்வேஸ் என்ற ஸ்லொவேனிய விமான நிறுவனம் 2019இல் நொடித்துப்போனது. அதற்குப் பிறகு லுப்லியானா விமான நிலையத்துக்கு வருவதெல்லாம் வெளிநாட்டு நிறுவனங்கள்தான். சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒருமுறை மாறிப் போவது ஒரு வழி. தில்லி, மும்பையிலிருந்து இஸ்தான்புல் வழியும் உண்டு. டிக்கெட் விலை கையைச் சுட்டால் வெனிஸைப் பாருங்கள். துபாய், தோஹா வழியாக வெனிஸ் போய், அங்கிருந்து முன்பதிவு செய்த வேனிலோ பேருந்திலோ லுப்லியானாவுக்கு மூன்று மணி நேரம், சில சமயம் கொஞ்சம் கூட. விலை வித்தியாசம் பெரிதாக இல்லையென்றால் லுப்லியானாவிலேயே இறங்கிவிடுங்கள். இரவெல்லாம் விமானத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தவருக்கு அந்த மூன்று மணி நேரப் பாதை சுமைதான்.

லுப்லியானா விமான நிலையம் நகரத்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் வடக்கே, மலை இருக்கும் திசையில் இருக்கிறது. ரயில் கிடையாது, பேருந்தும் பகிர்வு வேனும் உண்டு. இதை ஞாபகத்தில் வையுங்கள். கடைசி மூன்று இரவை ஏரிக்கரையில் கழித்தால் ஊர் திரும்பும் வழியில்தான் விமான நிலையம் வரும், தலைநகருக்குத் திரும்ப வேண்டியதில்லை. இங்கே சொல்லும் வரிசை அதை வைத்துத்தான். வெனிஸிலிருந்து திரும்புகிறவர்கள் மட்டும் லுப்லியானாவின் நான்கு இரவை முன்னே இரண்டு, பின்னே இரண்டு என்று பிரித்துக்கொள்ளட்டும். ஒரே விடுதியில் இரண்டு முறையும் அறை போட்டால் பெரிய பெட்டியை அங்கேயே விட்டுவிட்டுக் கைப்பையோடு ஏரிக்குப் போய்வரலாம்.

லுப்லியானாவில் நான்கு இரவு

வந்திறங்கும் நாளுக்கு எந்தத் திட்டமும் வேண்டாம். குளித்து, கொஞ்சம் தூங்கி, சாயங்காலம் ஆற்றங்கரையில் நடந்தால் போதும். லுப்லியானிட்சா என்ற பச்சை நிற ஆறு பழைய நகரத்தின் நடுவே மெதுவாகப் போகிறது. இரண்டு கரையிலும் காபிக் கடைகள். 2007இலிருந்து நகர மையத்தின் தெருக்களில் கார், பைக் எதையும் விடுவதில்லை. ஹாரன் சத்தமே இல்லாத ஒரு தலைநகரத்தில் நடப்பதற்கு நம் காதுக்கு ஒருநாள் பழக்கம் தேவைப்படும். நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்காகக் காவலிர் என்ற சிறிய மின்வண்டிகளை நகராட்சி இலவசமாக ஓட்டுகிறது. விடுதி வரவேற்பில் கேட்டால் போன் செய்து வரவழைத்துத் தருவார்கள். அப்பா, அம்மாவை அழைத்துப் போகிறவர்கள் முதல் நாளே இதைக் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

அறையை ஆற்றுக்கும் ரயில் நிலையத்துக்கும் இடையில் எடுங்கள். பேருந்து நிலையமும் ரயில் நிலையமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அங்கிருந்து நகரத்தின் நடு இடமான பிரெஷெரன் சதுக்கம் பத்துப் பதினைந்து நிமிட நடை. சதுக்கத்தில் சிலையாக நிற்பவர் 19ஆம் நூற்றாண்டுக் கவிஞர் பிரான்ட்சே பிரெஷெரன். அவர் இறந்த பிப்ரவரி 8 இந்த நாட்டில் பண்பாட்டுக்கான அரசு விடுமுறை. தலைநகரின் மையத்தில் தளபதியையோ மன்னனையோ நிறுத்தாமல் கவிஞரை நிறுத்தியிருப்பது இந்த ஊரைப் பற்றி எனக்கு முதலில் நல்லெண்ணம் தந்த விஷயம்.

இரண்டாம் நாளை ஒரே ஒரு மனிதருக்குக் கொடுங்கள். யோஷே பிளெச்னிக், 1872இல் இதே ஊரில் பிறந்த கட்டடக் கலைஞர். வியன்னாவிலும் பிராகிலும் வேலை பார்த்துவிட்டு 1921இல் திரும்பி வந்தார். அதன் பிறகு 1957இல் இறக்கும் வரை, மாளிகைகள் கட்டி ஊரை மாற்றாமல், பாலம், படித்துறை, சந்தை, நடைபாதை, விளக்குக் கம்பம் என்று கைக்கெட்டும் பொருள்களால் மாற்றினார். அவருடைய லுப்லியானாப் பணிகளை யுனெஸ்கோ 2021இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பார்க்க வேண்டியதெல்லாம் நடக்கும் தூரத்தில். சதுக்கத்தின் மும்மடிப் பாலத்தில் நடுப் பாலம் 1842இல் கட்டியது. அது நெரிசலுக்குப் போதாமல் போனபோது, இடிக்காமல் இரண்டு பக்கமும் ஒவ்வொரு நடைபாலத்தைச் சாய்வாக வைத்துத் தீர்த்தார் பிளெச்னிக். அங்கிருந்து ஆற்றோரமாகவே நீளும் தூண்வரிசைச் சந்தை. பிறகு தேசிய மற்றும் பல்கலைக்கழக நூலகம். அதன் வாசல் இருட்டாக இருக்கும், கறுப்புப் பளிங்குத் தூண்களுக்கு நடுவே படியேறிப் போனால் மேலே வெளிச்சமான வாசிப்புக் கூடம். அறியாமையிலிருந்து அறிவுக்கு ஏறுவதாக அவர் அமைத்தது என்பார்கள். விளக்கம் எப்படியும் இருக்கட்டும், படியேறும்போது உடம்புக்கே அது புரிகிறது. கால் வலிக்கவில்லையென்றால் திர்னோவோ பகுதியில் அவர் வாழ்ந்த வீட்டையும் பாருங்கள், இப்போது அது அருங்காட்சியகம்.

கோட்டைக்குக் கம்பி இழுவை ரயிலில் ஒரு நிமிடத்தில் ஏறிவிடலாம். மேலிருந்து பார்க்கும் காட்சிக்காகப் போங்கள். உள்ளே பார்க்க அவ்வளவாக ஒன்றுமில்லை. டிராகன் பாலத்தில் எல்லோரும் படம் எடுப்பார்கள், நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். 1901இல் கட்டிய இது ஐரோப்பாவின் ஆரம்பகாலக் கான்கிரீட் பாலங்களில் ஒன்று.

நான்கு நாளில் ஒன்று வெள்ளிக்கிழமையாக அமைந்தால் நல்லது. மார்ச் நடுவிலிருந்து அக்டோபர் வரை, மழையில்லாத வெள்ளிக்கிழமைகளில், சந்தைக்குப் பக்கத்தில் திறந்தவெளிச் சமையல் நடக்கும். பல உணவகங்கள் கூடாரம் போட்டுக் கண்ணெதிரே சமைத்துத் தரும். பலவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. மாறாக, ஞாயிறு நகரமே ஓய்ந்துவிடும். 2020இல் வந்த சட்டத்தின்படி பெரும்பாலான கடைகளும் சூப்பர் மார்க்கெட்டுகளும் ஞாயிறும் அரசு விடுமுறையும் திறப்பதில்லை. சந்தையும் கிடையாது. உணவகங்கள் திறந்திருக்கும். சமைத்துச் சாப்பிடும் குடும்பம் சனிக்கிழமையே பால், தயிர், காய்கறி வாங்கிவைத்துவிட வேண்டும். விடுமுறைப் பட்டியலையும் பாருங்கள். நாடு 1991இல் விடுதலையை அறிவித்த ஜூன் 25, நமக்குச் சுதந்திர நாளாகவும் அவர்களுக்கு மாதா விண்ணேற்புத் திருநாளாகவும் வரும் ஆகஸ்ட் 15, எல்லாம் அடைப்புதான்.

குகை: இரண்டில் ஒன்று

நாட்டின் தென்மேற்கு முழுக்கச் சுண்ணாம்புக் கல். மழைத் தண்ணீர் கல்லைக் கரைத்துக் கரைத்துப் பூமிக்கடியில் ஆயிரக்கணக்கான குகைகளை உண்டாக்கியிருக்கிறது. அதில் பயணிகள் போகும் பெரிய குகைகள் இரண்டு. இரண்டையும் ஒரே நாளில் பார்க்கும் திட்டங்களைப் பயண முகவர்கள் விற்கிறார்கள். வாங்காதீர்கள். இரண்டாவது குகைக்குள் நுழையும்போது கண்ணும் காலும் களைத்திருக்கும், பார்த்தது மனதில் ஒட்டாது.

போஸ்டொய்னா 24 கிலோமீட்டர் நீளம். 1819இலிருந்தே பார்வையாளர்கள் வருகிறார்கள். 1872இல் உள்ளே தண்டவாளம் போட்டார்கள், 1884இல் மின்விளக்கு வந்துவிட்டது. இன்றைக்கும் சிறு ரயிலில் உட்கார்ந்தே சுமார் மூன்றரை கிலோமீட்டர் போகிறீர்கள். நடக்க வேண்டியது ஒன்றரை கிலோமீட்டர்தான், அதுவும் படியில்லாத சீரான பாதை. குழந்தைகளும் வயதானவர்களும் உள்ள குடும்பத்துக்கு இதுதான் சரி. கடைசியில் ஒரு கண்ணாடித் தொட்டியில் ஓல்ம் என்ற உயிரினத்தைக் காட்டுவார்கள். வெளிறிய தோல், பார்வையில்லாத கண், நான்கு சின்னக் கால்கள். சாப்பாடில்லாமல் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும், நூறு வயதுகூட வாழும் என்கிறார்கள். 2016இல் இங்கே தொட்டியில் இட்ட முட்டைகள் பொரிந்து குஞ்சு வந்தது உலகச் செய்தியானது. லுப்லியானாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம், நிலையத்திலிருந்து குகை வாசல் நடக்கும் தூரம். டிக்கெட்டில் நுழையும் நேரம் குறிப்பிட்டிருக்கும். சீசனில் முன்பே வாங்கிவிடுங்கள்.

ஷ்கோட்சியான் வேறு ரகம். ரேகா என்ற ஆறு முழுசாக மலைக்குள் புகுந்து மறைகிறது, அது போகும் பாதையில் நீங்கள் நடக்கிறீர்கள். நிலத்தடிப் பள்ளத்தாக்கின் மேல் சுமார் 45 மீட்டர் உயரத்தில் ஒரு பாலம். கீழே இருட்டில் ஆறு இரைவது கேட்கும், விளக்குப் புள்ளிகள் எதிர்ச்சுவரில் வளைந்து ஏறும். 1986இலேயே யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மறைந்த ஆறு பல கிலோமீட்டர் தள்ளி இத்தாலியின் ட்ரியெஸ்டே அருகே ஊற்றாக வெளியே வருகிறது. ஆனால் நூற்றுக்கணக்கான படிகள், மூன்று கிலோமீட்டர் நடை. மூட்டு வலி உள்ளவர்களுக்கு ஆகாது. திவாச்சா ரயில் நிலையத்தில் இறங்கி மூன்று கிலோமீட்டர் காட்டுப்பாதையில் நடந்தும் போகலாம். கால் திடமாக இருப்பவருக்கு என் சிபாரிசு சந்தேகமில்லாமல் இதுதான்.

எந்தக் குகையானாலும் வெளியே 30 டிகிரி வெயில் அடித்தாலும் உள்ளே 10, 12 டிகிரிதான். ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள்.

ஏரி: எங்கே தூங்குவது

பிளெட்டா, போஹினா? படத்தில் பார்ப்பதெல்லாம் பிளெட். நடுவில் தீவு, தீவில் தேவாலயம், பாறை உச்சியில் 1011இலேயே ஆவணத்தில் பெயர் வந்துவிட்ட கோட்டை. போஹின் அங்கிருந்து பேருந்தில் முக்கால் மணி நேரம் உள்ளே, ட்ரிக்லாவ் தேசியப் பூங்காவுக்குள். தீவு கிடையாது, கோட்டை கிடையாது. நாலு கிலோமீட்டர் நீளத் தண்ணீரும், மூன்று பக்கம் மலையும், கரையில் ஒரு பழைய கல் பாலமும் சின்னத் தேவாலயமும். நான் போஹினில் தூங்கச் சொல்வேன். பிளெட்டில் பகல் முழுக்கச் சுற்றுலாப் பேருந்துகள். போஹினில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கரையில் நீங்கள் மட்டும்தான். ஒரே ஒரு விலக்கு: வயதானவர்கள் உடன் வந்து, நிறைய உணவகங்களும் மருந்துக் கடையும் பக்கத்திலேயே வேண்டும் என்றால் பிளெட்டில் தங்குங்கள்.

லுப்லியானாவிலிருந்து பேருந்தில் போங்கள். பிளெட்டுக்கு ஒன்றேகால் மணி, போஹினுக்கு இரண்டு மணி. ரயிலில் போனால் லெஸ்ட்சே-பிளெட் நிலையம் ஏரியிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, மறுபடி பேருந்து ஏற வேண்டும்.

போஹினில் ஒரு நாள்: காலையில் வோகெல் கம்பிவட வண்டியில் 1,535 மீட்டர் உயரத்துக்கு. வானம் தெளிவாக இருந்தால் நாட்டின் உச்சியான 2,864 மீட்டர் ட்ரிக்லாவ் எதிரே தெரியும். அது தேசியக் கொடியிலேயே இருக்கிறது. மதியம் மின்படகில் ஏரியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு. தெம்பிருந்தால் அங்கிருந்து 78 மீட்டர் சாவிட்சா அருவி, ஐந்நூறுக்கு மேல் படிகள். இல்லையென்றால் படகிலேயே திரும்பிவிடுங்கள், குறையொன்றுமில்லை.

பிளெட்டுக்கு முதல் பேருந்தில் போங்கள். பத்து மணிக்குள் ஏரியைச் சுற்றும் ஆறு கிலோமீட்டர் நடையை முடித்துவிட்டால் கூட்டம் வரும்போது நீங்கள் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். தீவுக்குப் போகும் படகுக்குப் ப்ளெட்னா என்று பெயர். படகுக்காரர் பின்னால் நின்றபடியே இரண்டு துடுப்பால் தள்ளுவார். தலைமுறை தலைமுறையாகச் சில குடும்பங்களிடம் இருக்கும் தொழில் இது. படகு நிரம்பிய பிறகுதான் கிளம்பும். தீவில் இறங்கியதும் 99 படிகள். கரைக்கு வந்து பால்கிரீம் கேக் சாப்பிடுவது இந்த ஊர்ச் சடங்கு. 1953இல் பார்க் ஹோட்டலில் உருவான செய்முறை. முட்டை உண்டு, சைவர்கள் கவனிக்க. பக்கத்தில் இருக்கும் வின்ட்கார் பள்ளத்தாக்குக்கு நேரம் குறித்த டிக்கெட் வேண்டும். அன்றைக்கே அதையும் திணிக்காதீர்கள்.

ரயிலில் ஒரு நாள்

ஏரிப்பக்கம் தங்கும் மூன்றாம் நாளுக்கு நான் சொல்வது வழக்கமான பட்டியல்களில் அவ்வளவாக இல்லாத ஒன்று. போஹின்ஸ்கா பிஸ்த்ரிட்சா நிலையத்திலிருந்து தெற்கே நோவா கோரிட்சா போகும் பழைய ரயில் பாதை. ஆஸ்திரியப் பேரரசு தன் துறைமுகமான ட்ரியெஸ்டேவை வடக்கே இணைக்க 1906இல் திறந்தது. நிலையம் விட்டதும் ஆறு கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம். மலைக்கு இந்தப் பக்கம் மழை பெய்துகொண்டிருக்கும், அந்தப் பக்கம் வெயிலடிக்கும். பிறகு சோச்சா ஆற்றின் பக்கமாக ரயில் இறங்குகிறது. அந்தத் தண்ணீரின் நிறத்தை மரகதம் என்று எழுதுவது தேய்ந்த வழக்கம், வேறு சொல்லும் கிடைக்கவில்லை. கடைசியில் சோல்கன் பாலம். 85 மீட்டர் அகல ஒற்றைக் கல் வளைவு, ரயில் பாலங்களில் உலகிலேயே பெரிய கல் வளைவு இதுதான். முதல் உலகப் போரில் தகர்ந்து மறுபடி கட்டியது.

நோவா கோரிட்சாவில் இறங்கி நிலைய வாசலுக்கு வெளியே வந்தால் எதிரே இருக்கும் சதுக்கத்தின் பாதி இத்தாலி. 1947இல் எல்லை வகுத்தபோது பழைய ஊரான கோரிட்சியா இத்தாலிக்குப் போனது, ரயில் நிலையம் யூகோஸ்லாவியாவுக்கு வந்தது. ஊர் இல்லாத நிலையத்துக்காகப் புதிதாக ஓர் ஊர் கட்டினார்கள். நடுவில் நின்ற வேலியை 2004இல் எடுத்துவிட்டார்கள். இரண்டு ஊரும் சேர்ந்து 2025இல் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராக இருந்தன. நடந்து போய் இத்தாலியில் ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். திரும்பும் ரயில் நேரத்தை மட்டும் முதலிலேயே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அடிக்கடி ரயில் கிடையாது.

சாப்பாடு, தண்ணீர், மற்றவை

குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம். குடிநீர் மக்களின் உரிமை என்று 2016இல் அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்த நாடு. காலிப் பாட்டில் ஒன்று போதும், ஊரெங்கும் குடிநீர்க் குழாய் உண்டு.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குச் சிரமமே இல்லை. சைவர்களுக்கும் பட்டினி இல்லை, ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டும். ஷ்த்ருக்லி என்ற சுருட்டு வகை பாலாடைக்கட்டி, வால்நட் பூரணங்களில் கிடைக்கும். மாவில் பெரும்பாலும் முட்டை சேர்ப்பார்கள். காளான் சூப், காளான் போட்ட பக்வீட் கஞ்சி இரண்டும் நன்றாக இருக்கும். ஏமாற்றுவது ஷ்கான்ட்சி. பார்க்கப் பக்வீட் உப்புமா போல அப்பாவியாக இருக்கும், மேலே பன்றிக் கொழுப்பு வறுவலைத் தூவியிருப்பார்கள். யோத்தா, ரிச்செட் என்ற சூப்புகளிலும் புகைபோட்ட இறைச்சி கிடக்கும். ‘பிரெஸ் மேசா’ என்றால் இறைச்சி இல்லாமல். மெனுவைக் காட்டி இதைக் கேட்டுவிட்டு ஆர்டர் கொடுங்கள். பிரெக்முர்யேப் பகுதியின் கிபனிட்சா கேக்கில் கசகசா, ஆப்பிள், வால்நட், பாலாடைக்கட்டி எல்லாம் அடுக்கடுக்காக இருக்கும், விடாதீர்கள். வேலைநாள் மதியங்களில் பல உணவகங்கள் மலிவான மதியச் சாப்பாடு வைத்திருக்கும். பெரிய சாப்பாட்டை மதியத்தில் வைத்துக்கொள்வது பைக்கும் நல்லது, வயிற்றுக்கும் நல்லது.

சமையலறை உள்ள அறை எளிதாகக் கிடைக்கும். அரிசி, தயிர் எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் உண்டு. ஊரிலிருந்து புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, ஊறுகாய் கொண்டுபோகலாம். நெய், பால்கோவா, பால் இனிப்பு வகைகள், இறைச்சி எதையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து எடுத்துப்போகக் கூடாது. பச்சைக் கறிவேப்பிலையும் அப்படித்தான். பாட்டி ஆசையாகக் கட்டிக்கொடுத்தாலும் விமான நிலையத்தில் குப்பைக்குத்தான் போகும்.

கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் இருக்காது. மடக்கும் பிளாஸ்டிக் குவளை ஒன்று பெட்டியில் இருக்கட்டும். மின் செருகி ஐரோப்பிய இருமுனை வகை, நம் போன் சார்ஜரின் இரண்டு மெல்லிய முனை பொருந்தும், மூன்று முனைச் செருகி பொருந்தாது. வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு முழு அளவுக்கு எடுத்துப் போங்கள். அவசர எண் 112. அறை வாடகைக்கு மேல் ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று சுற்றுலா வரி தனியாகக் கேட்பார்கள், சண்டை போடாதீர்கள், சட்டப்படியானதுதான்.

கார் வேண்டுமா

மேலே சொன்ன எதற்கும் வேண்டாம். சோச்சாப் பள்ளத்தாக்கின் மேல்பகுதியையும் 1,611 மீட்டர் உயர வ்ர்ஷிச் கணவாயையும் பார்க்க ஆசைப்பட்டால் கார் உதவும். அந்தச் சாலையை முதல் உலகப் போரில் ரஷ்யப் போர்க் கைதிகள் போட்டார்கள். 1916 பனிச்சரிவில் மாண்டவர்களுக்கு வழியில் மரத்தாலான ஒரு சிறு ஆலயம் இருக்கிறது. ஆனால் 50 கொண்டை ஊசி வளைவுகள். சாலையின் வலப்பக்கம் ஓட்டிப் பழகாதவர் முதல் பாடத்தை அங்கே படிக்க வேண்டாம், ஒருநாள் சுற்றுலா வேனில் போய்வாருங்கள். அப்படியும் ஓட்டுவேன் என்பவருக்கு: சர்வதேச ஓட்டுநர் அனுமதி வேண்டும், பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும், நெடுஞ்சாலைக்கு மின்-விக்னெட் என்ற அனுமதி வாங்கியிருக்க வேண்டும். வாடகைக் காரில் அது ஏற்கெனவே இருக்கிறதா என்று சாவி வாங்கும்போதே கேளுங்கள்.

கூடுதலாக இரண்டு இரவு இருந்தால்

நாட்டுக்கு இருக்கும் கடற்கரை மொத்தமே 46 கிலோமீட்டர் அளவுதான். அதன் நுனியில் பிரான் ஊர். பல நூற்றாண்டு வெனிஸ் குடியரசின் ஆட்சியில் இருந்ததால் தெருவும் மணிக்கூண்டும் வெனிஸ் சாயல், வெனிஸின் கூட்டமும் விலையும் இல்லை. வயலின் மேதை ஜுசெப்பே தார்த்தீனி 1692இல் பிறந்தது இங்கே, சதுக்கம் அவர் பெயரில். பக்கத்தில் செச்சோவ்ல்யே உப்பளங்களில் இன்னும் கையால் உப்பு வாருகிறார்கள். லுப்லியானாவிலிருந்து நேர்ப் பேருந்து உண்டு. வெனிஸிலிருந்தோ ட்ரியெஸ்டேவிலிருந்தோ விமானம் ஏறுகிறவர்கள் கடைசி இரண்டு இரவை இங்கே வைக்கலாம். வார இறுதியில் பேருந்து குறையும் என்பதால் கிளம்பும் நாளை வேலைநாளாகப் பார்த்துப் போடுங்கள். பழைய ஊருக்குள் கார் வராது, உருளும் பெட்டி கற்பாவிய சந்துகளில் திணறும். கைப்பிடி உறுதியான பெட்டியாக இருக்கட்டும். அறை எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா என்பதைப் பணம் கட்டுமுன் எழுதிக் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.